எதுவரைக்கும், கர்த்தாவே? காத்திருப்பின் நாட்களில் ஜெபிக்க ஒரு நடைமுறை வழிகாட்டி

"நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்கிறது நீதிமொழிகள் 13:12. வேதமே ஒத்துக்கொள்ளும் இந்த இளைப்பைச் சபையில் வைத்து ஒத்துக்கொள்ளத்தான் நமக்குக் கூச்சம். கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் குழந்தைக்கு ஜெபிக்கும் பெண், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஒரு குரல் வரும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறுவாள். தெரு திரும்பியதும் அழுகை வந்துவிடும்.

அந்தப் பெண்ணையும் அவள் கணவரையும் மனதில் வைத்தே கீழே எல்லாம் சொல்லப்படுகிறது. வேலைக்கோ, கல்யாணத்துக்கோ, தீராத நோயிலிருந்து சுகத்துக்கோ காத்திருப்பவர்கள் விவரங்களை மட்டும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

நோட்டில் ஒரு கோடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கத் தலைப்பு "கர்த்தர் சொன்னது". வலது பக்கம் "நான் கேட்பது".

இடது பக்கத்தில், விசுவாசிகள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது மட்டுமே ஏற வேண்டும். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" (எபிரெயர் 13:5), உலகத்தின் முடிவுபரியந்தம் கூட இருப்பேன் என்றது (மத்தேயு 28:20), எதுவும் தம் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்றது (ரோமர் 8:38-39) எல்லாம் இங்கே வரும். வலது பக்கத்தில் உங்கள் ஆசையைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். "உமக்குச் சித்தமானால் ஏதாவது நன்மை" என்று மழுப்ப வேண்டாம். "எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும்" என்றே எழுதுங்கள். விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்லித்தானே பிலிப்பியர் 4:6 இருக்கிறது.

எதற்கு இந்தக் கோடு? வலது பக்கத்தில் இருக்க வேண்டியது நமக்கே தெரியாமல் இடது பக்கத்துக்குத் தாவிவிடும். "குழந்தை தருவேன்" என்று கர்த்தர் உங்களிடம் சொல்லாமலிருக்க, சொன்னதாகவே மனம் பதிந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் வாக்குத் தவறியதுபோலத் தெரியும். விசுவாசத்தை விட்டே விலகிப்போனவர்களில் பலர் உடைந்த இடம் இதுதான். அவர் கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாக அவர்களுக்குச் சொல்லிவைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

யாராவது உங்கள் தலையில் கைவைத்து, "அடுத்த வருஷம் இதே நேரம் உன் மடியில் குழந்தை" என்று சொல்லியிருக்கலாம். அதைக் கோட்டுக்கு அடியில் பென்சிலால் குறித்து, சொன்னவர் பெயரும் தேதியும் போடுங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணவும் கூடாது, சோதித்துப் பார்க்காமல் விடவும் கூடாது என்று 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சொன்ன கையோடு காணிக்கையும் கேட்கப்பட்டிருந்தால் ரப்பரை எடுத்து அழித்துவிடுங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் படிக்கும் முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்த அட்டை பலர் வீட்டில் பிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும். அதில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." அட்டை நல்லதுதான். ஆனால் அதில் வந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் படித்த பிறகே அதை ஜெபத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எரேமியாவை எடுத்துக்கொள்வோம். இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு வந்த கடிதம். கி.மு. 597ல் ராஜா எகொனியாவோடு கொண்டுபோகப்பட்ட கூட்டம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா சொன்ன கணக்கோ 70 வருஷம் (29:10). அட்டையில் வரும் 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே நிற்பது அந்த 70தான். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. "சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள்" அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

அந்த 70 வருஷத்தை எப்படிக் கழிப்பது? அதுவும் கடிதத்திலேயே இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் (29:5-7). மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. உங்கள் அட்டையின் பின்பக்கத்தில், "இந்த வருஷம் நான் போடும் தோட்டம் எது?" என்று எழுதிப் பதிலும் எழுதுங்கள். தையல் வகுப்பு, விட்டுப்போன பி.எட்., மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். "குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட ஒன்றாக மட்டும் இருக்கட்டும்.

முறையீட்டை எழுதுவது

150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். நம் பாட்டுப் புத்தகங்களில் அந்த விகிதம் இல்லை. அதனால் முறையிடும் பழக்கம் நமக்கு விட்டுப்போயிற்று. சங்கீதம் 13ல் தொடங்குங்கள். ஆறே வசனம், எளிதில் மனப்பாடம் ஆகும். முதல் இரண்டு வசனம் புலம்பல், அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை. புலம்பலுக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது: கர்த்தர் மறந்ததற்கு, முகத்தை மறைத்ததற்கு, தன் மனதுக்குள் ஓயாமல் போடும் கணக்குக்கு, எதிராளியின் தலைநிமிர்வுக்கு.

20 நிமிஷம் ஒதுக்குங்கள். முதலில் சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு தரம் படியுங்கள். பிறகு நோட்டைத் திறந்து அந்த நான்கு கேள்விகளையும் உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். ஒரு மாதிரி இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்? இது 62ஆவது மாதம். இந்தத் தடவை ஆறு நாள் தள்ளிப்போனதும் நம்பினேன். நீர் என்னை மறந்துவிட்டீர் என்றுதான் தோன்றுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவது மாதிரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, எனக்கு 40 வயதாகும்போது பிள்ளைக்கு என்ன வயது என்று கணக்குப் போடுகிறேன். நாத்தனாருக்கு இரண்டாவதும் பிறந்துவிட்டது. அந்தக் குழந்தையைத் தூக்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவே என்னைக் கொல்லுகிறது."

இதில் சங்கீதத்தின் நான்கு கேள்வியும் இருக்கிறது. மாதக் கணக்கு, ராத்திரி இரண்டு மணி, நாத்தனார் எல்லாம் இருக்கின்றன. "என் பாரங்களை நீர் அறிவீர்" என்ற ஒரே வரியில் முடித்திருந்தால் எதையும் கொட்டியிருக்க மாட்டோம். பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளும் ஆசாரியன் ஏலியிடம் சொன்ன வார்த்தை இதுதான்: இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்றாள் (1 சாமுவேல் 1:15).

அடுத்து வேண்டுதல். 3ஆம் வசனம் "நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்" என்கிறது. வலது பக்கத்தில் எழுதியதை அப்படியே கேளுங்கள். கூடவே இன்றைக்கு வேண்டிய ஒரு சிறு காரியத்தையும் கேளுங்கள். "சனிக்கிழமை வளைகாப்பில் முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் இருக்கப் பெலன் தாரும்" என்பதுபோல. பெரிய வேண்டுதலுக்குப் பதில் வர வருஷங்கள் ஆகலாம். சிறியதற்குச் சனிக்கிழமையே தெரிந்துவிடும். அதன் எதிரே தேதியோடு ஒரு டிக் போடுங்கள்.

பிறகு 5ஆம் வசனம்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இந்த வசனத்தின் எபிரெய மூலம் "நானோ" என்று தொடங்குகிறது. மேலே சொன்ன எதுவும் மாறவில்லை, நானோ நம்புகிறேன் என்ற தொனி. கிருபை என்ற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது "ஹெசெட்" என்ற சொல், உடன்படிக்கை செய்தவர் அதில் மாறாமல் நிற்கும் அன்பு. ஆகவே இங்கே இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு வசனத்தை எடுத்து எழுதி முடித்துவிடலாம்.

எங்கே பிசகும் என்றும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை வரியை வலுக்கட்டாயமாக எழுதுவது முதலாவது. அன்றைக்கு வரவில்லையென்றால் 4ஆம் வசனத்தோடு நோட்டை மூடிவிடுங்கள். சங்கீதம் 88 நம்பிக்கைப் பக்கம் திரும்பாமலேயே முடிகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. அதையும் ஜெபமாக ஏற்றுத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, முறையீட்டையும் முறுமுறுப்பையும் குழப்பிக்கொள்வது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் "தங்கள் கூடாரங்களில்" முறுமுறுத்தார்கள் என்கிறது சங்கீதம் 106:25. கர்த்தரைப் பற்றிக் கூடாரத்துக்குள் பேசினார்கள், கர்த்தரிடம் பேசவில்லை. வார்த்தை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அவரைப் பார்த்துச் சொன்னால் அது முறையீடு. "எனக்குக் கோபம் வருகிறதே, இது பாவமோ?" என்று கேட்பவர்கள், கோபம் யாரை நோக்கிப் போகிறது என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, தினமும் எழுதுவது. தினமும் எழுதினால் புண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும். வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாட்களில் சங்கீதம் 13ஐ வாசித்தால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அந்த ஒரு நாளுக்கு முன்னேற்பாடு

குழந்தைக்குக் காத்திருப்பவர்களின் ஏமாற்றம் நாள் குறித்துக்கொண்டு வரும். மாதவிலக்கு வந்த நாளில் என்ன செய்வது என்பதை அதற்கு முந்தின வாரமே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று சமையல் கணவருடையது, அல்லது கடைச் சாப்பாடு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பதில்லை. சிகிச்சையை நிறுத்துவது, வேலையை விடுவது, இனிமேல் சபைக்குப் போவதில்லை என்பது மாதிரியான எந்த முடிவும் அன்று எடுப்பதில்லை. இரவு கணவர் சங்கீதம் 13ஐ வாசிக்கட்டும், மனைவி கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சூரைச்செடியின் கீழே சாக வேண்டிக்கொண்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:5-7). கர்த்தரோடு பேசியதெல்லாம் 40 நாள் கழித்துத்தான்.

கணவருக்கு ஒரு குறிப்பு. "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று அன்னாளின் கணவன் எல்க்கானா கேட்டது அன்பினால்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்னாள் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. ஆறுதலுக்கு வாதம் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமா?

சிறையில் யோசேப்பு, விடுதலையாகிப் போகும் பானபாத்திரக்காரனிடம் "என்னை நினைத்துக்கொள்ளும்" என்று கேட்டான் (ஆதியாகமம் 40:14). அதற்காக வேதம் அவனைக் குறை சொல்லவில்லை. மறந்துபோனவன் அந்த மனுஷன்தான், அதுவும் இரண்டு வருஷம். அதே ஆதியாகமத்தில் ஆபிராம், கானானுக்கு வந்து பத்து வருஷமானபின், பிள்ளைக்காக மனைவியின் அடிமைப்பெண் ஆகாரை அழைத்துக்கொண்ட கதையும் இருக்கிறது. இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு 86 வயது, ஈசாக்கு பிறக்கும்போது 100. இரண்டிலும் மனுஷ முயற்சி உண்டு. எப்படிப் பிரிப்பது? மூன்று கேள்வி உதவும். இதனால் வேறொரு ஆள் நசுக்கப்படுகிறாரா? (ஆகார் நசுக்கப்பட்டாள்.) இதைச் சபையாரிடமும் பெற்றோரிடமும் மறைக்காமல் சொல்ல முடியுமா? இது பலிக்காவிட்டாலும் கர்த்தரோடு என் பேச்சு நிற்காமல் இருக்குமா? வேலைக்கு லஞ்சம் கொடுப்பது முதல் கேள்வியிலேயே அடிபட்டுப்போகும். டாக்டரைப் பார்ப்பது மூன்றிலும் தேறும்.

ஆகவே, ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. இருவரும் போக வேண்டும். ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கும், விந்துப் பரிசோதனையோ எளிதானது, செலவும் குறைவு. நம் வீடுகளில் மனைவிக்குப் பத்து டெஸ்ட் முடிந்த பிறகும் கணவருக்கு ஒன்றுகூட நடந்திருக்காது. உபவாசம் இருக்கட்டும் என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் விசுவாசம் எதுவும் இல்லை.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பை 1987ல் வெளியிட்ட அறிவுரையில் வத்திக்கான் ஏற்கவில்லை. புராட்டஸ்டன்ட் சபைகளில் பொதுவாகத் தடையில்லை, ஆனால் மீதமாகும் கருக்களை என்ன செய்வது என்ற கேள்வி அங்கும் உண்டு. இதைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் நாளில் யோசிக்காமல், முன்கூட்டியே பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ பேசிவிடுங்கள். தத்தெடுக்க நினைத்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி கிறிஸ்தவத் தம்பதிகளும் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும், பதிவு மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில். அங்கேயும் வரிசை நீளம்தான்.

உபவாசம் பற்றி ஒரு வரி: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. ஒரு வேளை உணவுக்குப் பதில் செல்போனை உபவாசம் வைக்கலாம். பொருத்தனையில் அவசரமும் வேண்டாம். நிறைவேற்ற முடியாததைப் பொருத்தனை பண்ணுவதைவிடப் பண்ணாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 தெளிவாகவே எச்சரிக்கிறது.

வாசலில் வரும் கேள்விகள்

"விசேஷம் உண்டா?" என்பவருக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "இருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா? ஜெபம் பண்ணிக்கோங்க." சொல்லிவிட்டு நகருங்கள். "விசுவாசம் பத்தல", "ஏதோ சாபம் இருக்கு" என்று சொல்பவர்களோடு வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள் என்று லூக்கா 1:6 சொல்கிறது. அடுத்த வசனமே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறது. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சபை முழுவதற்கும் ஜெபக்குறிப்பு கொடுப்பதைவிட இரண்டே பேரைத் தேர்ந்தெடுங்கள். விவரம் கேட்காதவர், வெளியே சொல்லாதவர், அழுதால் பயந்துபோகாதவர். மாதம் ஒருமுறை அரை மணி நேரம். அவர்கள் உங்களுக்காகச் சங்கீதம் 13ன் 5ஆம் வசனத்தைச் சொல்லட்டும், உங்களால் முடியாத நாளில்.

போதகர்களும் சபை மூப்பர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. சாட்சி நேரத்தில் பதில் பெற்றவர்கள் மட்டுமே எழுந்து நிற்கிறார்கள். "இன்னும் கிடைக்கவில்லை, இன்னும் ஜெபிக்கிறேன்" என்பதும் சாட்சிதான் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது இடம் கொடுங்கள். எபிரெயர் 11ல் வரும் விசுவாச வீரர்களும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே போனார்கள் என்றுதான் அதன் 39ஆம் வசனம் முடிக்கிறது.

பதில் "இல்லை" என்றால்

பவுல், மாம்சத்தில் முள் என்று தானே சொன்ன ஒரு உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). அவன் கேட்டதில் தவறில்லை, கேட்பதை நிறுத்தியதிலும் தவறில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வரலாம். சிகிச்சை, செலவு, வயது மூன்றையும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தேதியில் இருவரும் உட்கார்ந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று பேசுங்கள். அந்தத் தேதி உங்களுக்குத்தான். கர்த்தருக்குக் கெடு வைப்பதாக நினைக்க வேண்டாம். நிறுத்துவது என்று முடிவானால் அது ஒரு இழப்பு. துக்கம் கொண்டாட நாள் ஒதுக்குங்கள், முடிந்தால் போதகரை வீட்டுக்கு அழைத்து ஜெபியுங்கள். பெயர் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே அழலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதைக் காத்திருப்பின் சோர்வு என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் 'டெலி மனாஸ்' உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சங்கீதம் படிக்கலாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். சனிக்கிழமை வளைகாப்பு, நாத்தனார் வீட்டு ஞானஸ்நானம், தூங்க முடிந்த ஒரு இரவு என்று சிறிய வேண்டுதல்களுக்குப் போட்ட டிக்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதியோடு அங்கே எடுத்து எழுதுங்கள். "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால்" என்று சங்கீதம் 13 முடியும் வரியை வாசிக்கும்போது விரல் வைக்க அந்தப் பக்கம் வேண்டும்.